துடைத்த நாற்காலி

எதையாவது துடைக்காமல் அவரால் பேச முடியாது. பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். சன்னல் கம்பி, மிக்ஸி மூடி, மாத்திரை டப்பா, டிவி ரிமோட், எதிரே நிற்கிற பிள்ளையின் மூக்கு. கைக்கு எதுவும் அகப்படாவிட்டால் துடைக்கிற துணியையே உதறி மறுபடி நாலாக மடிப்பார். இப்போது அவரை நினைத்தால் எனக்கு முகம் பின்னால்தான் வருகிறது. முதலில் அந்தக் கை வருகிறது.

நாங்கள் அவரை மாமி என்று கூப்பிட்டோம். மாமி என்றதும் வேறு வீட்டை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும் மாமாவின் மனைவி மாமிதான். அந்த வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, தெருவும் அப்படியே கூப்பிட்டது. அவர் கணவரை ஊரில் எல்லாரும் ராவுத்தர் என்பார்கள். கடைத்தெருவில் மளிகைக் கடை, வாய்க்காலை ஒட்டிக் கொஞ்சம் நிலம். ஒரே மகன் வளைகுடாவில் வேலை பார்த்தார்.

பாபநாசத்திலிருந்து தெற்கே வந்து, இரண்டு வாய்க்கால்களைத் தாண்டினால் எங்கள் ஊர். பெரிய தெருவின் கடைசி வீடு மாமியுடையது. அதற்கப்புறம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. ராவுத்தர் நிலத்தில் என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள்.

மாமியின் துடைப்புத் துணிகள் எல்லாம் ராவுத்தரின் பழைய வெள்ளைக் கைலிகள். சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணியில் மாட்டியிருப்பார். டம்ளருக்கு ஒன்று, சன்னலுக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, குர்ஆன் வைக்கிற பலகைக்குத் தனியாக ஒன்று. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யக் கூடாது. விருந்துக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி டம்ளர் துணியால் தரையில் சிந்திய குழம்பைத் துடைத்துவிட்டாள். மாமி சண்டை போடவில்லை. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து, அவளுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, நடவு என்றைக்கு என்று கேட்டு வர அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மற்ற வீடுகளில் நாங்கள் கொல்லைப் பக்கமாகப் போய் நிற்போம். அதே பழக்கத்தில் அம்மா சுற்றிக்கொண்டு போகப் பார்த்தாள். மாமி முன்வாசலிலிருந்து கூப்பிட்டார். கம்பி போட்ட வராந்தாவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. மாமி ஆணியிலிருந்து நாற்காலித் துணியை எடுத்து வந்து முதுகு, கை, உட்காரும் இடம், கைக்கு அடிப்பக்கம் எல்லாம் துடைத்தார். பிறகு, "உட்காரு புள்ள," என்றார்.

அம்மா தனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா, நிக்கிறேன்."

"துடைச்சாச்சு. நீ உட்காரலன்னா நான் துடைச்சது வீணு."

அம்மா நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள்போல. திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சேலையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எங்களில் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் நாற்காலியைத் துடைக்கிற வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன. நாங்கள் எழுந்து போன பிறகு துடைப்பார்கள். மாமி நாங்கள் உட்காரும் முன்பு துடைப்பவர். அந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நெருப்பு வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

எங்கள் வயல்களுக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் இருப்பதாகச் சொல்லி, ஊருக்கு வடகிழக்கே ஒரு கம்பெனி நிலம் பிடித்தது. முள்கம்பி போட்டார்கள், செம்மண் கொட்டிச் சாலை போட்டார்கள், கிணறு இறக்கினார்கள். கிணறு என்று சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அது சுரங்கம்தான். எண்ணெயும் கனிமம்தான். இது எனக்குப் பின்னால் கல்லூரியில் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், வேண்டாத வாயுவை ஒரு உயரமான குழாயில் விட்டு எரித்தார்கள் என்பதுதான். ராப்பகலாக எரிந்தது. சில நாள் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சில நாள் எண்ணெய் கலந்து வந்து, நெருப்பின் தலையில் கரும்புகை புரளும். ஐப்பசி தாண்டி வாடைக்காற்று திரும்பிவிட்டால் அந்தப் புகை நேராக எங்கள் பக்கம்தான். சம்பா கதிரின்மேலும், தென்னங்கீற்றின்மேலும், தயிர்ப் பானையிலும் கரி விழும்.

சாதாரணத் தூசியாக இருந்தால் மாமி சமாளித்திருப்பார். இது எண்ணெய்ப் பிசுக்கோடு விழுந்தது. துடைத்தால் போகாது, இழுவும். "தூசின்னா தட்டினா போயிடும். இது ஒட்டிக்கிட்டு உறவாடுது," என்பார். துணிகள் போதாமல் ராவுத்தரின் புதுக் கைலிகளுக்கும் ஆபத்து வந்தது.

மாமி வழக்குக்குப் போனது ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்து இல்லை. தொழுகைக்குப் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டிதான் காரணம். துவைத்துக் கொடியில் போட்டதைப் பிற்பகல் அசர் தொழுகைக்கு எடுக்கப் போனபோது அதில் மிளகைத் தூவியதுபோலக் கரி. மறுபடி துவைத்தார், மறுபடி கரி. மூன்றாவது முறை அந்தத் துப்பட்டியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போய்விட்டார். உள்ளேயிருந்து வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். கடைசியில், துணியை வீட்டுக்குள்ளே காயப் போடுங்கள் அம்மா என்றாராம். அதைத்தான் மாமியால் தாங்க முடியவில்லை.

"எங்க வீட்டு வெயில அவன் எடுத்துக்கிட்டு என்னைய உள்ள காயப் போடச் சொல்றான்."

இன்னொரு காரணம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. ராவுத்தருக்கு முன்பே கொஞ்சம் இளைப்பு உண்டு. நெருப்பு வந்த பிறகு வாடை மாதங்களில் படுத்தால் மூச்சு அடைத்தது. வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கக் கற்றுக்கொண்டார். தலை சாயும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி சாயும். வழக்கைப் பற்றி ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைப்பு இருந்தது. நிலத்தடி நீர், நஷ்டஈடு, டெல்டாவின் எதிர்காலம் என்றெல்லாம் பேசினார்கள். மாமிக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த நெருப்பை ஊரைவிட்டுத் தள்ளி வைத்துவிட்டால் இவர் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவார்.

ஆனால் முதல் பெயராகக் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. சிலர் கம்பெனிக்கு நிலம் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். சிலர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே காவல் வேலைக்குப் போனார்கள். ராவுத்தரே தயங்கினார். கடை வைத்திருக்கிறவன் நாலு பேரைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்றார். மாமி அவர் தோளிலிருந்து ஏதோ ஒரு கரித் துணுக்கை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க மூச்சு விடுங்க. பகைய நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் மாமி முதல் மனுதாரர் ஆனார்.

கிராமசபையில் தீர்மானம் போட்டுப் பார்த்தார்கள். தஞ்சாவூருக்குத் திங்கட்கிழமைகளில் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அலைந்தார்கள். போன இடமெல்லாம் மாமி ஏதாவது ஒன்றைச் சுத்தம் செய்துவிட்டு வந்தார். கலெக்டர் ஆபீஸ் பெஞ்சைத் துடைக்கப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பி அவர் இடத்தையும் துடைத்துவிட்டு, "இப்ப உட்காருங்க," என்றார். கும்பகோணத்தில் எங்கள் வழக்கறிஞரின் அலுவலகத்தில் காத்திருந்த நேரத்தில் ஒரு அலமாரிச் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கிவிட்டார். வழக்கறிஞர் வந்து பார்த்துவிட்டு, தன் அப்பா காலத்துக்கு அப்புறம் அந்தப் புத்தகங்களின் நிறத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

சென்னையில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று இருக்கிற தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிவானது. வருகிற காகிதங்கள் எல்லாம் இங்கிலீஷ். படிக்க என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை, அன்றைக்கும் இருந்ததில்லை. பெரிய தெருவில் படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தும் மாமி காலனிக்கு ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிட்டார். நான் உரக்கப் படித்துத் தமிழில் சொல்வேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாசிப்பது ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், கோயில் கச்சேரி கேட்கிறவள்போலத் தலையாட்டுவாள்.

கம்பெனியின் பதிலில், வீடுகளில் படிவது வைக்கோல் எரிக்கும் புகையும் விறகடுப்புக் கரியும்தான் என்று எழுதியிருந்தது. நான் மொழிபெயர்த்ததும் மாமி கையிலிருந்த துணியை உதறி மடித்தார்.

"நம்ம வீட்ல இருக்கறது கேஸ் அடுப்புன்னு அவங்களுக்கு எழுது. அவங்க மாதிரி கேஸ வீணா எரிக்கிற பழக்கம் இங்க கிடையாதுன்னும் எழுது."

ராவுத்தர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, மாமி ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

பின்னால் சட்டக் கல்லூரியில் சுரங்கப் புகை வழக்குகளைப் படித்தபோதெல்லாம் எனக்கு இந்த வராந்தா ஞாபகம் வரும். உருக்காலைப் புகையில் தன் மரங்கள் பட்டுப்போயின என்று எங்கோ தூர தேசத்தில் ஒரு நிலக்காரர் போட்ட பழைய வழக்கு. நிலக்கரித் தூசி, கல்குவாரித் தூசி, சுண்ணாம்புத் தூசி என்று நம் ஊர்களில் போட்ட வழக்குகள். சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. நல்ல காற்று வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்கிற இடம்வரை வந்திருக்கிறது. ஆனால் எல்லா வழக்கிலும் ஒரு இடத்தில் நீதிமன்றம் நின்று, புகை எங்கே, காட்டு என்று கேட்கும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகலாம். மண்ணைப் பொட்டலம் கட்டலாம். விசாரணை நாள்வரை காற்று காத்திருக்காது. அது விட்டுப்போனதைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் வழக்கில் நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு குழுவைத் தீர்ப்பாயம் நியமித்தது. மழை முடிந்து வாடை நன்றாக அடிக்கிற மார்கழியில் வரும்படி எங்கள் வழக்கறிஞர் போராடி வாங்கியிருந்தார். தேதி முன்கூட்டியே வந்தது.

பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்து ஊர்களில் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பஞ்சாயத்து தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தது. இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் போட்டது. வீட்டுக்கு வீடு வாசலைக் கழுவிக் கோலம் போட்டார்கள். கோயில் பூசாரி விநாயகருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். மாமி வீட்டில் பெருநாள்போல வேலை நடந்தது. திரைச்சீலைகளைக் கழற்றி ஊற வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் சுவரைக் கைக்கு எட்டும் உயரம்வரை சோப்புத் தண்ணீரால் தேய்க்கச் சொன்னார். சன்னல் கம்பி ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பிசுக்கு அதில்தான் விட்டது. முற்றத்துத் துளசிக்கும் செம்பருத்திக்கும்கூட இலை இலையாகக் குளியல். கடைசியாக வெள்ளை நாற்காலியைப் பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் தேய்த்தார்.

வழக்கறிஞர் எங்களுக்கு எத்தனையோ சொல்லியிருந்தார். சண்டை போடாதீர்கள், கூட்டமாகப் பேசாதீர்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வீட்டைக் கழுவாதீர்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? அவர் அலமாரியையே துடைத்த அம்மா இவர்.

மூன்று பேர் வந்தார்கள். அன்றைக்கு நெருப்பு ஒரு முழ உயரம்தான் இருந்தது. கம்பெனி குறைத்து வைத்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. மாமி இஞ்சி டீயும் சமோசாவும் வைத்துவிட்டு, தட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் கதவோரம் நின்றேன். குழுவில் வயதானவர் ஒரு பேராசிரியர். அவர்தான் வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். சன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

"கரி எங்கம்மா படியுது?"

"எல்லா இடத்திலயும்தாங்க. நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்கல்ல, அதுலகூட அவ்வளவு இருந்துச்சு."

"இப்ப ஒண்ணும் இல்லியே."

"துடைச்சிட்டேங்க," என்றார் மாமி. குரலில் பெருமை இருந்தது. "நீங்கள்லாம் வர்றீங்கன்னு சொல்லியிருந்தாங்கல்ல."

வாசலில் நின்றிருந்த எங்கள் வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். பேராசிரியர் கெட்டவர் இல்லை. துடைத்த துணியாவது இருக்கிறதா என்று கேட்டார். மாமி கொல்லைக் கொடியைக் காட்டினார். எல்லாத் துணிகளும் சோப்புப் போட்டு, நீலம் முக்கி, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துப்பட்டியும் அவற்றோடு காய்ந்தது. ஒரு புள்ளி இல்லை.

பேராசிரியர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். மாமியின் கை நின்று நான் பார்த்தது அப்போதுதான். தட்டின் விளிம்பில் துணி அப்படியே நின்றது.

"நாளைக்கு ஒரு நாள் இருங்களேன்," என்றார். "தானா விழும். நான் தொடவே மாட்டேன்."

"பாத்ததைத்தாம்மா எழுத முடியும்," என்றார் பேராசிரியர். போகும்போது டீ நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

குடியிருப்புகளில் கரிப்படிவு எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை வந்தது. விதிமுறைகளைக் கம்பெனி தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும் என்ற ஒரு வரியோடு வழக்கு முடிந்தது. அந்த உத்தரவையும் நான்தான் மாமிக்குப் படித்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவங்க பொய் எழுதல," என்றார். அவ்வளவுதான்.

ஊரில் யாரும் நேராகத் திட்டவில்லை. டீக்கடையில் மட்டும் ஒருவர், மாமி வழக்கையே கழுவி ஊற்றிவிட்டார்கள் என்று சொல்லப்போக, அது தெருவெல்லாம் சுற்றியது. மாமி காதிலும் விழுந்தது. ராவுத்தர் ஒரு முறை, உன் கையைக் கட்டிப் போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று கேலி செய்தார். மாமி சிரித்தார். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. அடுத்த வாடையில் ராவுத்தர் நாற்காலியிலேயே, உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் என்று டாக்டர் எழுதினார். புகை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னார். மாமி போகவில்லை. புதிதாக ஒரு வழக்குப் போடலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இந்த முறை தேதி சொல்லாமல் வரும்படி கேட்போம், நீங்கள் எதையும் தொடாமல் மட்டும் இருங்கள் என்றார். வீடு முழுவதையும் அப்படி விடத் தன்னால் ஆகாது என்று மாமிக்கே தெரிந்திருந்தது. அதனால் ஒரே ஒரு பொருளை விட்டுவைப்பது என்று முடிவு செய்தார். அந்த வெள்ளை நாற்காலி.

நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. விடுமுறைக்கு வந்தபோது, இனிமேல் உன்னை வாங்க போங்க என்று சொல்ல வேண்டுமா என்று கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். ஏற்கெனவே சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. வீடெல்லாம் துடைத்துக்கொண்டு வருவார், அதன் பக்கத்தில் வந்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார், பிள்ளைக்குத் தெரியாமல் மிட்டாயை மறைக்கிறவர்போல. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது நாற்காலி பளிச்சென்று இருந்தது. என்ன மாமி என்றேன்.

"உங்கம்மா வந்தா," என்றார். "காலைலேருந்து நடவு நட்டுட்டு முட்டியப் புடிச்சிக்கிட்டு வந்து நிக்கிறா. கீழ உட்கார்றேன்கறா." துணியை உதறி நாலாக மடித்தார். "அவள நிக்க வச்சிட்டு எனக்கு என்னடி கேஸு?"

வேறு நாற்காலி வாங்கி வைக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது ராவுத்தர் மூச்சு வாங்கிய நாற்காலி, அம்மா முதலில் உட்கார்ந்த நாற்காலி. வந்தவர்களை உட்கார வைக்கிற நாற்காலி அந்த வீட்டில் அதுதான்.

மாமி இறந்ததும் வாடையில்தான். சாதாரணக் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டும்போது சன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டார்கள். உடலைச் சுற்றுகிற வெள்ளைக் கஃபன் துணியில் கரி விழுந்துவிடக் கூடாதே என்று உள்ளே பெண்கள் பேசிக்கொண்டது வெளியே கேட்டது. உடல் வைத்த சந்தூக்குப் பெட்டியை வெளியே கொண்டுவரும் நேரத்தில் அம்மா காலனிக்கு ஓடி, தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்தாள். அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு முனையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து தெரு முனைவரை சந்தூக்கின்மேல் நிழல்போல நடந்து வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அதற்குமேல் ஆண்கள் எடுத்துப் போனார்கள். அம்மா சேலையை மடிக்கும்போது உதறினாள். கரி உதிரவில்லை, ஒட்டியிருந்தது.

மகன் வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வப்போது திறந்து பெருக்கச் சொல்லியிருந்தார்.

இப்போது நான் கும்பகோணத்தில் அதே வழக்கறிஞரிடம் ஜூனியர். நெருப்பு இன்னும் எரிகிறது. புதிய வழக்கைப் போட்டிருக்கிறோம். மனுவின் முதல் நகலை எழுதியது நான். மகனிடம் தொலைபேசியில் அனுமதி வாங்கி, மாமியின் வீட்டையும் பார்வையிட வேண்டிய இடமாகச் சேர்த்தேன். அம்மாவிடம் அந்த வீட்டைத் திறக்காதே, பெருக்காதே என்று சொன்னேன். தெருவழியாகப் போகும்போதெல்லாம் அந்த வராந்தாவைப் பார்க்காமல் தலைகுனிந்து போகிறேன் என்று அம்மா சொன்னாள். செத்த வீட்டை இப்படிப் போட்டு வைக்கலாமா என்று ஒரு நாள் அழுதாள்.

இந்த முறை தேதி சொல்லாமல் வந்தார்கள். வந்த தகவல் கிடைத்ததும் நான் பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன். அம்மா வயலிலிருந்து சேறு காயாத காலோடு சாவியை எடுத்துக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தாள். வராந்தாவின் தரை கறுப்பு. கம்பிகளில் கரி நூல்நூலாகத் தொங்கியது. மூலையில் அந்த நாற்காலி, அது வெள்ளை என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதிகாரிகள் மெதுவாக வேலை செய்தார்கள். படம் எடுத்தார்கள், அளந்தார்கள், நாற்காலியின் கையிலிருந்து கரியைச் சுரண்டிச் சின்னக் கவர்களில் போட்டு ஒட்டினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, முந்தானையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை நோக்கிப் போனாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம்மா. அப்படியே இருக்கணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். முந்தானையை விட்டுவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கடைசிக் கவரை ஒட்டி முடிக்கும்வரை நின்றாள்.

அந்த வீட்டில் அம்மாவை நிற்க வைத்தது அதுதான் முதல் முறை.